ஈவ் ஆன்லைனில் முதல் 100 மில்லியன் இஸ்க்: புதியவர்களுக்கு ஒரு வழி

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டுக்குள் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மணிக்கு எவ்வளவு இஸ்க் வரும்?" என்பதைத்தான் (இஸ்க் என்பது ஆட்டத்தின் பணம்). இதற்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் புதியவரின் பணப்பை காலியாவது வருமானம் போதாமல் அல்ல. கையில் இருந்ததையெல்லாம் திரட்டி ஒரு பெரிய கப்பல் வாங்கி, அதை ஒரே நிமிடத்தில் பறிகொடுப்பதால்தான் காலியாகிறது. அதனால் எப்படிச் சம்பாதிப்பது என்பதோடு, சம்பாதித்ததைப் பத்திரமாக ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவுக்கென்று இருக்கும் தனி சர்வரை விட்டுவிட்டால், உலகத்தில் எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில்தான் ஆடுகிறார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். கப்பல், குண்டு, உதிரிப் பாகம் என்று சந்தையில் விற்பதில் பெரும்பாலானவை ஆட்டக்காரர்களே உற்பத்தி செய்தவை. வெடித்த கப்பல் வெடித்ததுதான், திரும்ப வராது. 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்த சண்டையில் டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 ஒரே நாளில் போயின. அவ்வளவையும் யாரோ மறுபடி கட்ட வேண்டும், அதற்குத் தாதுவும் பாகமும் யாரோ விற்க வேண்டும். உங்கள் வருமானம் வருவது இந்த அழிவிலிருந்துதான்.

பிரபஞ்சம் பாதுகாப்பு எண்ணால் பிரிக்கப்பட்டிருக்கிறது. 1.0 முதல் 0.5 வரை ஹை-செக். 0.4 முதல் 0.1 வரை லோ-செக். அதற்குக் கீழே நல்-செக். இவற்றோடு, வரைபடத்தில் இல்லாத வார்ம்ஹோல் மண்டலங்கள் தனி. ஹை-செக்கில் யாராவது உங்களை அடித்தால் கான்கார்ட் என்ற போலீஸ் வந்து அடித்தவரின் கப்பலை அழிக்கும். அழிக்குமே தவிர உங்களைக் காப்பாற்றும் என்று எங்கும் சொல்லவில்லை. இந்த வித்தியாசம் புரியாமல் கப்பலை இழந்தவர்கள்தான் அதிகம்.

கணக்குத் தொடங்கும்போது

ஏற்கெனவே ஆடுகிற யாரிடமாவது அழைப்பு இணைப்பு வாங்கி, அதன் வழியாகப் பதிவு செய்யுங்கள். 10 லட்சம் ஸ்கில் புள்ளிகள் (கப்பலையும் கருவியையும் இயக்கும் திறமையின் கணக்கு) இலவசமாகக் கிடைக்கும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். புதியவருக்கு அது பல நாள் காத்திருப்பை மிச்சப்படுத்தும்.

பணம் கட்டாமல் ஆடுபவருக்கு ஆல்ஃபா என்று பெயர், மாதச் சந்தா கட்டுபவர் ஒமேகா. ஆல்ஃபாவுக்கு 50 லட்சம் ஸ்கில் புள்ளி வரைதான் இலவசப் பயிற்சி. ஏற முடியாத கப்பல்களும் நிறைய உண்டு. இந்தக் கட்டுரையில் சொல்லும் எதற்கும் ஆல்ஃபாவே போதும். முதல் நாளே சந்தா கட்டாதீர்கள். ஆட்டம் பிடிக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கட்டலாம்.

இன்னொரு விஷயம். திரையில் பாதுகாப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையிலேயே விட்டுவிடுங்கள். பச்சையில் இருந்தால், தெரியாமல் அடுத்தவர் பொருளை எடுத்துக் குற்றவாளியாகும் சிக்கலே வராது. விளையாட்டே தடுத்துவிடும்.

முதல் படி: கேரியர் ஏஜெண்டுகள்

பயிற்சி முடிந்ததும் ஏஜென்சி சாளரத்தைத் திறந்து கேரியர் ஏஜெண்டுகளைத் தேடுங்கள். சண்டை, தேடல், உற்பத்தி என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சின்னச் சின்ன வேலை கொடுத்து, முடித்தால் இஸ்க், கப்பல், மாட்யூல் (கப்பலில் மாட்டும் கருவி), ஸ்கில் புத்தகம் எல்லாம் தருவார்கள். உற்பத்தி ஏஜெண்ட் வென்ச்சர் என்ற சுரங்கக் கப்பலைத் தருவார், அதை விற்றுவிடாதீர்கள். அலுப்பாக இருந்தாலும் எல்லா ஏஜெண்டுகளின் வேலையையும் முடியுங்கள். வேறு எந்த வேலையிலும் இந்தக் கட்டத்தில் இவ்வளவு பொருள் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு பேரரசிலும் இவர்கள் வெவ்வேறு மண்டலங்களில் இருப்பதால், தேவைப்பட்டால் வேறொரு ஊரில் போய் இன்னொரு சுற்று முடிக்கவும் வழி உண்டு.

அது முடிந்ததும் பலர் பரிந்துரைப்பது சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் அமைப்பின் தொடர் மிஷன். ஆர்னான் மண்டலத்தில் சிஸ்டர் அலிடுரா என்ற ஏஜெண்டிடம் தொடங்கும். மிஷன்கள் ஐம்பதை ஒட்டி வரும், ஊர் ஊராக அலைய விடுவார்கள். பணம் சுமார்தான். ஆனால் முடிவில் ஒரு பேரரசின் நல்லெண்ணம் கணிசமாக ஏறும். சண்டை பிடிக்கும் என்றால் செய்யுங்கள், இல்லாவிட்டால் தள்ளிப்போட்டாலும் நஷ்டமில்லை. கடைசியில் வரும் டகன் என்ற ஆளிடம் மட்டும் சின்னக் கப்பலில் தனியாகப் போய் மோதிப் பலர் சலித்துப்போகிறார்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுரங்கம் பற்றி

வென்ச்சர் கையில் வந்ததும் எல்லோரும் போவது ஹை-செக் விண்கல் பட்டைக்குத்தான். வெல்ட்ஸ்பார் தாதுவை லேசரால் சுரண்டி, 5,000 கன மீட்டர் கிடங்கு நிறைந்ததும் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு மறுபடி போக வேண்டும். எளிமையான வேலை, ஒரு கண்ணில் படம் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் ஆட்டத்திலேயே மிக மெதுவாகப் பணம் சேரும் வழிகளில் இது ஒன்று. அத்தோடு பாதுகாப்பானதும் இல்லை. கேட்டலிஸ்ட் என்ற மலிவான டெஸ்ட்ராயரில் வந்து, கான்கார்ட் வருவதற்குள் சுரங்கக் கப்பலை அடித்துவிட்டுத் தாங்களும் சாகிறவர்கள் உண்டு. இதற்கு கேங்க் என்று பெயர். ஒரு காலத்தில் ஒரு கூட்டம் 10 மில்லியன் இஸ்குக்குச் சுரங்க அனுமதிச் சீட்டே விற்றது. வாங்காதவர் கப்பலை உடைத்தார்கள். வாங்கியவர்களும் நிம்மதியாக இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்காக வென்ச்சரைத் தூக்கிப் போட வேண்டாம். அது நன்றாகச் சம்பாதிப்பது வார்ம்ஹோலில் வாயு எடுக்கும்போது. லேசருக்குப் பதிலாக வாயு உறிஞ்சும் கருவியைப் பொருத்தி, வார்ம்ஹோலில் இருக்கும் வாயு மேகத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே, பட்டையில் மணிக்கணக்காகச் சுரண்டியதைத் தாண்டிவிடலாம். மேகத்துக்கு ஸ்லீப்பர் என்ற கணினிப் பகைவர்கள் பதினைந்து இருபது நிமிடம் கழித்து வருவார்கள். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். ஸ்கேன் செய்யத் தெரியாமல் இந்த வேலைக்குப் போக முடியாது, ஆகவே முதலில் ஸ்கேன்.

இரண்டாம் படி: தேடல் கப்பல்

புதியவருக்கு நான் சொல்லும் வேலை இதுதான்: மறைந்திருக்கும் இடங்களை ஸ்கேன் செய்து கண்டுபிடித்து, அங்கிருக்கும் கலன்களை ஹேக் செய்து சரக்கை எடுப்பது. காரணம் எளிது: கப்பல் மலிவு, தேவையான ஸ்கில் குறைவு, கிடைக்கும் சரக்கு சின்னதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருக்கும். ஒருவேளை வெடித்துவிட்டாலும் அடுத்த கப்பல் வாங்க ஓரிரு மில்லியன் போதும்.

நான்கு பேரரசுகளுக்கும் ஒவ்வொரு தேடல் பிரிகேட் (சின்ன வகைக் கப்பல்) உண்டு. கால்டாரிக்கு ஹெரான், கேலண்டேவுக்கு இமிகஸ், அமாருக்கு மேக்னேட், மின்மட்டாருக்கு ப்ரோப். நீங்கள் எந்த இனமாக இருந்தாலும் எதையும் ஓட்டலாம். உரிய பிரிகேட் ஸ்கில்லைப் பழகினால் போதும். பெரும்பாலானோர் ஹெரானில்தான் தொடங்குகிறார்கள். நடுத்தட்டில் கருவி மாட்ட இடம் தாராளமாக இருக்கிறது என்பதுதான் காரணம்.

மாட்ட வேண்டியவை: கோர் ப்ரோப் லாஞ்சர், எட்டு கோர் ஸ்கேனர் ப்ரோப் (விண்வெளியில் விடும் தேடு கருவி, அதே பெயர் கொண்ட கப்பல் அல்ல), தொல்பொருள் அனலைசர், டேட்டா அனலைசர், மைக்ரோவார்ப்டிரைவ், இடமிருந்தால் கார்கோ ஸ்கேனர். ப்ரோப் எட்டோடு நிறுத்தாமல் மேலும் எட்டை கார்கோவில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் விட்டுவிட்டு ஓட நேரிடும். ஸ்கேன் வலிமையைக் கூட்டும் கிராவிட்டி கெப்பாசிட்டர் ரிக் (கப்பலில் நிலையாகப் பொருத்தும் துணைக்கருவி) கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். துப்பாக்கி வேண்டாம், கவசமும் வேண்டாம். சண்டை வந்தால் இந்தக் கப்பல் எப்படியும் தோற்கும். அந்த இடத்தில் வேகமாகத் திரும்ப உதவும் கருவியைப் போடுங்கள்.

பழக வேண்டிய ஸ்கில்: ஆஸ்ட்ரோமெட்ரிக்ஸ், ஆர்க்கியாலஜி, ஹேக்கிங். மூன்றையும் மூன்றாம் நிலை வரை கொண்டுபோன பிறகு கிளம்புங்கள்.

ஸ்கேன் செய்வது எப்படி என்றால், விண்வெளியில் ஸ்டேஷனிலிருந்தும், மண்டலங்களை இணைக்கும் கேட்டிலிருந்தும் தள்ளி ஓர் இடத்தில் நின்று எட்டு ப்ரோபையும் விடுங்கள். ப்ரோப் ஸ்கேனர் சாளரத்தில் அந்த மண்டலத்தின் சிக்னேச்சர்கள், அதாவது மறைந்திருக்கும் இடங்களின் தடயங்கள், வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தில் ப்ரோப் கூட்டத்தின் நடுப்புள்ளியை அதன்மேல் கொண்டுபோய் வையுங்கள். 8 வானியல் அலகில் தொடங்கி, ஸ்கேன் அடிக்க அடிக்க 4, 2, 1, 0.5 என்று சுருக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் புள்ளி கொஞ்சம் நகரும். நகர்ந்த இடத்துக்கு ப்ரோபை இழுத்துவிட்டு அடுத்த ஸ்கேன். மேலே இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் வரைபடத்தைச் சுழற்றிப் பார்த்துத்தான் நடுவில் வைக்க வேண்டும். ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு "மேலேதானே இருக்கிறது, ஏன் சதவீதம் ஏறவில்லை" என்று முழிப்பது வழக்கம்.

25 சதவீதம் வந்ததும் அது தொல்பொருளா, டேட்டாவா, வாயுவா, வார்ம்ஹோலா என்று தெரிந்துவிடும். வேண்டாததென்றால் அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 75இல் பெயர் தெரியும். 100இல் வார்ப் செய்யலாம், அதாவது ஒரே பாய்ச்சலில் அங்கே போகலாம்.

பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும், உயிர் பிழைப்பதே அதில்தான் இருக்கிறது. தொல்பொருள் இடங்களில் "கிரம்ப்ளிங்" என்று தொடங்கினால் ஹை-செக், "டிகேய்ட்" என்றால் லோ-செக், "ருயின்ட்" என்றால் நல்-செக் தரம். டேட்டா இடங்களில் இதே வரிசை "லோக்கல்", "ரீஜனல்", "சென்ட்ரல்". பெயரில் ஏஞ்சல், பிளட் ரெய்டர், சன்ஷா, செர்பென்டிஸ், குரிஸ்டாஸ் என்று கொள்ளைக் கூட்டத்தின் பெயர் இருந்தால் காவல் இருக்காது, தாராளமாகப் போகலாம். வார்ம்ஹோலுக்குள் "ஃபர்காட்டன்" அல்லது "அன்செக்யூர்ட்" என்று தொடங்கும் இடங்களில் ஸ்லீப்பர்கள் காவல் இருக்கிறார்கள், எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். "ஸ்லீப்பர் கேஷ்", "கோவர்ட் ரிசர்ச் ஃபெசிலிட்டி" இரண்டும் அனுபவசாலிகளுக்கு.

ஹை-செக் தொல்பொருள் இடங்கள் கைப்பழக்கத்துக்கு மட்டும். கிடைப்பது சில்லறை. ஸ்கேன் செய்வதும் ஹேக் செய்வதும் கை வந்ததும் நல்-செக்குக்கோ வார்ம்ஹோலுக்கோ போய்விடுங்கள். அங்கே ஒரு நல்ல "ருயின்ட்" இடத்தில் கோடிக்கணக்கில், அதாவது பத்து இருபது மில்லியன் இஸ்குக்குச் சரக்கு இருப்பது சாதாரணம். சில நேரம் ஒன்றுமே இருக்காது, அதுவும் சாதாரணம்.

ஹேக்கிங் பலகை

கலனை நெருங்கி அனலைசரை இயக்கியதும் ஒரு பலகை திறக்கும். புள்ளிகளால் ஆன வலை. உங்கள் வைரஸுக்கு உயிர், வலிமை என்று இரண்டு எண்கள். ஒவ்வொரு புள்ளியாகத் திறந்துகொண்டே போய், எங்கோ ஒளிந்திருக்கும் சிஸ்டம் கோரைக் கண்டுபிடித்து அடித்தால் கலன் திறந்துவிடும்.

திறந்த புள்ளியில் 1 முதல் 5 வரை ஓர் எண் காட்டும். மறைந்திருக்கும் உபயோகமான புள்ளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எண் குறைகிற பக்கம் போங்கள். கோர் பெரும்பாலும் பலகையின் ஓரத்தில்தான் இருக்கும், ஆகவே ஓரத்தையொட்டியே திறந்துபோவது நல்ல பழக்கம். வழியில் தடுப்புப் புள்ளி ஒன்று திறந்துவிட்டால் அதைச் சுற்றியுள்ள திறக்காத புள்ளிகள் பூட்டிக்கொள்ளும். எல்லாத் தடுப்பையும் அடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஃபயர்வாலுக்கு உயிர் அதிகம், வேறு வழியிருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். ஆனால் சப்ரஸரை விட்டுவைக்காதீர்கள், அது இருக்கும்வரை உங்கள் வலிமை குறைந்தே இருக்கும். ரெஸ்டோரேஷன் புள்ளியும் அப்படித்தான், மற்ற தடுப்புகளுக்கு உயிர் ஏற்றிவிடும். கண்டதும் முதலில் இந்த இரண்டையும் முடியுங்கள்.

முதல் தடவை தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு. இரண்டாவது தடவையும் தோற்றால் கலன் சரக்கோடு வெடித்துவிடும். கார்கோ ஸ்கேனர் இருந்தால் எந்தக் கலனில் நல்ல சரக்கு இருக்கிறது என்று முன்னமே பார்த்து அதை முதலில் திறங்கள். நல்-செக்கில் யாராவது வந்துவிட்டால் பாதியில் ஓட வேண்டியிருக்கும், மலிவான கலனில் நேரத்தைச் செலவழிக்கக் கூடாது. சரக்கில் இன்டாக்ட் ஆர்மர் பிளேட் போன்றவை தெரிந்தால் பொருளைப் பார்த்து மயங்கி நிற்காமல் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறை ரிக்குகள் செய்ய இவை தேவைப்படுவதால் எப்போதும் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

உயிரோடு திரும்புவது

பலகையில் கண் வைத்திருக்கும்போதே விரல் "வி" விசையில் இருக்க வேண்டும். அது டி-ஸ்கேன். 14.3 வானியல் அலகு தூரத்துக்குள் இருக்கும் கப்பல்களையும் ப்ரோப்களையும் பட்டியல் போடும். சில விநாடிக்கு ஒரு முறை அடித்துக்கொண்டே இருங்கள். காம்பாட் ஸ்கேனர் ப்ரோப் என்று வந்தால் உங்களை யாரோ தேடுகிறார்கள். அஸ்டீரோ அல்லது ஸ்ட்ராட்டியோஸ் கப்பல் ஒன்று தென்பட்டு, அடுத்த ஸ்கேனில் மறைந்தால் இன்னும் மோசம், க்ளோக் போட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். மறைந்த கப்பலை டி-ஸ்கேன் காட்டாது. அந்த நிமிடமே கிளம்புங்கள். கலன் பாதி ஹேக் ஆகியிருக்கிறதே என்று இன்னும் பத்து விநாடி நிற்கத் தோன்றும். வேட்டைக்காரர்கள் காத்திருப்பதும் அந்தப் பத்து விநாடிக்குத்தான்.

நல்-செக்கில் லோக்கல் அரட்டைப் பட்டியல் பெரிய உதவி. மண்டலத்துக்குள் யார் நுழைந்தாலும் பெயர் உடனே அதில் ஏறும். ஆள் இல்லாத மண்டலமாகப் பார்த்து ஹேக் செய்யுங்கள், புதுப் பெயர் வந்தால் ஒதுங்குங்கள். வார்ம்ஹோலில் இந்த வசதி கிடையாது. அங்கே யாராவது பேசினால்தான் பெயர் வரும், வேட்டைக்கு வந்தவர் பேச மாட்டார். மேலும் வார்ம்ஹோலுக்குள் நுழைந்ததும், வந்த வாசலைப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். இதை மறந்தால் மறுபடி ஸ்கேன் செய்துதான் வெளியேற முடியும். ப்ரோபும் தொலைந்திருந்தால் கப்பலையும், கப்பல் போனபின் நீங்கள் மிஞ்சியிருக்கும் பாட் என்ற சின்னக் கூட்டையும் நீங்களே வெடிக்கச் செய்துவிட்டு ஸ்டேஷனில் எழ வேண்டியதுதான்.

கேட்டைத் தாண்டி அடுத்த மண்டலத்துக்குள் வந்ததும் ஒரு நிமிடம் உங்கள் கப்பல் யார் கண்ணுக்கும் தெரியாது, நீங்கள் அசையாமல் இருக்கும்வரை. பதறி உடனே நகராதீர்கள். சுற்றிப் பாருங்கள், டி-ஸ்கேன் அடியுங்கள், எங்கே போவது என்று முடிவு செய்துவிட்டு நகருங்கள். நல்-செக்கில் வார்ப்பைத் தடுக்கும் குமிழிகளை கேட்டைச் சுற்றிப் போடுவார்கள். கேட்டிலிருந்து கேட்டுக்கு நேராக வார்ப் செய்தால் அதில் மாட்டுவது உறுதி. பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு கோளுக்குப் போய், அங்கிருந்து டி-ஸ்கேனில் கேட்டைப் பார்த்துவிட்டு, வேறு கோணத்திலிருந்து நெருங்குங்கள்.

போகும் வழியில் எங்கே கப்பல்கள் வெடித்திருக்கின்றன என்று கிளம்பும் முன்பே பார்க்கலாம். ஆட்டத்தின் வரைபடத்திலேயே கடைசி ஒரு மணி நேரத்தில் அழிந்த கப்பல்களின் எண்ணிக்கையைக் காட்டும் வசதி உண்டு. வெளியே இணையத்தில் டாட்லான் வரைபடமும், இசட்கில்போர்டும் இன்னும் விவரமாகக் காட்டும். ஈவ்-ஸ்கவுட் பக்கத்தில் தெரா என்ற வார்ம்ஹோல் மண்டலத்துக்குத் திறந்திருக்கும் வாசல்கள் பட்டியலாக இருக்கும். அதைப் பார்த்து நல்-செக்குக்குக் குறுக்கு வழி பிடிக்கலாம்.

நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆட்டத்தில் கூட்டம் அதிகமாக இருப்பது ஐரோப்பாவின் மாலை, அதாவது நம்மூரில் நள்ளிரவை ஒட்டி. சர்வர் தினமும் 11:00 உலக நேரத்துக்கு, இந்தியா, இலங்கையில் மாலை 4:30 மணிக்கு, சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 7 மணிக்குச் சிறிது நேரம் நிற்கும். அதற்கு முந்தைய சில மணி நேரம் ஆள் நடமாட்டம் குறைவு. விடுமுறை நாள் மதியம் நல்-செக்குக்குப் போனால் பல மண்டலங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். 4:20க்கு ஒரு கலனைத் திறக்க ஆரம்பிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்தாலும் கப்பல் போகும். போகட்டும். அதற்காகத்தான் மலிவான கப்பல். உங்களிடம் உள்ள மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கப்பலில் போடாதீர்கள். கார்கோவில் 30, 40 மில்லியன் சேர்ந்ததும் இன்னும் ஒரே ஒரு இடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் திரும்பிவிடுங்கள். எல்லாம் போய்விட்டாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டீர்கள்: பாடில் ஸ்டேஷனுக்கு வந்தால் ஒரு சின்னக் கப்பல் இலவசமாகக் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஜிட்டாவில் விற்பது

சரக்கைக் கிடைத்த ஸ்டேஷனில் விற்றுவிடாதீர்கள். தி ஃபோர்ஜ் பிராந்தியத்தில் இருக்கும் ஜிட்டாதான் மொத்தச் சந்தை. நான்காம் கோளின் நான்காம் நிலவில் இருக்கும் கால்டாரி கடற்படை ஸ்டேஷன். அமார், டோடிக்ஸி, ரென்ஸ், ஹெக் ஆகியவையும் சந்தைகள்தான். ஆனால் தொல்பொருள் சரக்குக்கு ஜிட்டாவில்தான் நல்ல விலையும் நிறைய வாங்குபவர்களும். விலை தெரிய, சரக்குப் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஜானிஸ் என்ற விலை பார்க்கும் தளத்தில் ஒட்டுங்கள்.

விற்க இரண்டு வழி. ஏற்கெனவே வாங்கக் காத்திருப்பவருக்கு உடனே கொடுத்துவிடலாம், விலை குறைவு. அல்லது நீங்களே விலை சொல்லிச் செல் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம், விலை கூடுதல், ஆனால் தரகுக் கட்டணம் உண்டு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும் பொருளுக்கு மட்டும் ஆர்டர் போடுங்கள், மற்றதை உடனே தள்ளிவிடுங்கள். ஆரம்பத்தில் ஐந்து ஆர்டர்தான் போட முடியும். டிரேட் ஸ்கில் ஒவ்வொரு நிலைக்கும் நான்கு கூடும். வரியைக் குறைக்க அக்கவுண்டிங் பழகுங்கள்.

ஜிட்டாவுக்குப் போகும் வழியில் ஆட்டோபைலட்டில் போடாதீர்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் பல கிலோமீட்டர் முன்னால் நிறுத்தி மெதுவாக ஊர்ந்துபோகும், கேங்க் செய்கிறவர்களுக்கு அது போதும். உயெடமா மண்டலம் இதற்குப் பேர் போனது. வழியில் அது வந்தால் கையால் ஓட்டிப் போங்கள், அல்லது சுற்றிப் போங்கள்.

ஜிட்டாவின் லோக்கல் அரட்டையைத் திறந்தால், அனுப்பிய இஸ்கை இரட்டிப்பாக்கித் தருகிறேன், பாதி விலைக்குப் பெரிய கப்பல் தருகிறேன் என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாமே ஏமாற்றுதான். முதலில் சின்னத் தொகையை இரட்டிப்பாக்கித் தருவார்கள், பெரிய தொகை அனுப்பியதும் பேச்சே இருக்காது. ஒப்பந்தம் என்றால் ஏற்கும் முன் இரண்டு இடத்தைப் படியுங்கள்: நீங்கள் பணம் வாங்குகிறீர்களா, கொடுக்கிறீர்களா, எத்தனை பூஜ்யம். ஆட்டத்துக்குள் நடக்கும் ஏமாற்றை சிசிபி அனுமதிக்கிறது, புகார் கொடுத்தாலும் பணம் திரும்ப வராது.

மற்ற வழிகள், வேகமாக

ஏஜெண்ட் மிஷன்: முதல் நிலையில் கூலி மிகக் குறைவு, நிலை ஏற ஏறத்தான் காசு. நிதானமாகச் சண்டை போடப் பிடிக்கும் என்றால் சரி, சீக்கிரம் பணம் வேண்டும் என்றால் இது இல்லை.

பேரரசுப் போர்: அமாருக்கும் மின்மட்டாருக்கும், கால்டாரிக்கும் கேலண்டேவுக்கும் இடையே நடக்கும் போரில் ஆல்ஃபாவும் சேரலாம். சின்ன பிரிகேட்டுகள் மட்டுமே நுழையக்கூடிய இடங்களைப் பிடித்து விசுவாசப் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளியில் பொருள் வாங்கிச் சந்தையில் விற்கலாம். சண்டை கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது, வருமானமும் தேடலுக்கு அடுத்தபடியாக இருக்கும். தேடல் அலுத்துப்போனால் இங்கே வாருங்கள்.

அபிஸ்: ஃபிலமென்ட் என்ற பொருள் ஒன்றைப் பற்றவைத்தால் தனி அறைக்குள் போய்ச் சண்டை. 20 நிமிடத்தில் வெளியேறாவிட்டால் கப்பலோடு பாடும் போய்விடும். வருமானம் நன்று, ஆனால் கப்பலை ஒழுங்காகக் கட்டத் தெரிந்த பிறகு பார்க்கலாம்.

உடைந்த கப்பல்களின் சிதிலத்தைச் சால்வேஜ் செய்வது: அடுத்தவர் உடைத்ததையும் சால்வேஜ் செய்யலாம், அது குற்றமில்லை. அதற்குள் இருக்கும் சரக்கை எடுத்தால்தான் குற்றம்.

பிளெக்ஸ் பற்றி

பிளெக்ஸ் என்பது உண்மைப் பணத்துக்கு வாங்கி, ஆட்டச் சந்தையில் இஸ்குக்கு விற்கக்கூடிய பொருள். அதையே இஸ்குக்கு வாங்கி சந்தாவுக்குப் பயன்படுத்தவும் செய்யலாம், 30 நாள் ஒமேகாவுக்கு 500 பிளெக்ஸ். இதனால் இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, நிஜப் பணத்தில் பிளெக்ஸ் வாங்கி விற்று முதல் வாரமே பேட்டில்ஷிப்பில் ஏறிவிடுவது. அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் ஓட்டத் தெரியாத கப்பல் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய நஷ்டம். இரண்டு, இஸ்க் சம்பாதித்தே சந்தா கட்டிவிடுவது. புதியவருக்கு அது முழுநேர வேலையாகிவிடும், மாதம் முழுக்க உழைத்து சந்தாவுக்கே கொடுத்துவிட்டு கையில் ஒன்றும் மிஞ்சாது. வெளித்தளங்களில் நேரடியாக இஸ்க் விற்பவர்களிடம் மட்டும் போகவே போகாதீர்கள். விதிமீறல், கணக்கே பறிபோகலாம்.

100 மில்லியன் சேர்ந்த பிறகு

உடனே பெரிய கப்பலைத் தேட வேண்டாம். அதே ஹெரானில் இன்னும் ஐந்தை முழுதாகப் பொருத்தி ஜிட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனால் அடுத்த நிமிடமே இன்னொன்றில் ஏறிக் கிளம்பலாம். ப்ரோபும் மாட்யூலும் தேடி அரை மணி நேரம் கழியாது. மிச்சத்தில் கொஞ்சத்தை ஸ்கில் புத்தகத்துக்கு. கப்பல் கட்டும் முன், கருவிகளைப் பொருத்திப் பார்க்கும் பைஃபா மென்பொருளில் போட்டுப் பார்க்கப் பழகுங்கள்.

அப்புறம் ஒரு கார்ப்பரேஷனில், அதாவது ஆட்டக்காரர்களின் குழுவில், சேருங்கள். ஈவ் யுனிவர்சிட்டி 2004 முதல் புதியவர்களுக்கென்றே நடக்கிறது, அவர்களுடைய விக்கி இல்லாமல் யாரும் இந்த ஆட்டத்தைக் கற்றதில்லை என்றே சொல்லலாம். பாண்டெமிக் ஹோர்ட், பிரேவ் நியூபீஸ், கர்மாஃப்ளீட் எல்லாம் நல்-செக்கில் வாழும் பெரிய கூட்டணிகளின் புதியவர் வாசல்கள். இவற்றில் சேர்ந்தால் சண்டையில் இழந்த கப்பலுக்கு ஈடும் கிடைக்கும், தாதுவை வாங்கிக்கொள்ள ஆளும் இருக்கும், நல்-செக்கில் தேடப் போனால் அடிக்காமல் விடும் பெரிய பகுதியும் கிடைக்கும். விண்ணப்பிக்கும்போது முன்பணம், வைப்புத் தொகை, உங்கள் பொருட்களை ஏற்றிக்கொண்டுபோய் வைக்கிறோம் என்று யார் கேட்டாலும் சாளரத்தை மூடிவிடுங்கள். மேலே சொன்னவை எதுவும் சேர்வதற்குக் காசு கேட்பதில்லை.